பீட்டர் ராபிட் புத்தகத்தை ஏன் இன்னும் கொண்டாடுகிறார்கள்? நாலு வயதுக் குழந்தைக்கு வாங்கலாமா?

தாராளமாக வாங்கலாம். ஆனால் எந்தப் பதிப்பு என்று பார்த்து வாங்குங்கள். அதைக் கடைசியில் சொல்கிறேன்.

கதை தெரியாதவர்களுக்காக: அம்மா முயல் கடைக்குக் கிளம்பும்போது, "மெக்ரெகர் தோட்டத்துப் பக்கம் மட்டும் போகாதீங்க" என்று நான்கு குட்டிகளிடமும் சொல்லிவிட்டுப் போகிறாள். அக்கா தங்கைகள் மூவரும் சமர்த்தாக பிளாக்பெர்ரி பறிக்கிறார்கள். பீட்டர் நேரே அந்தத் தோட்டத்துக்குத்தான் ஓடுகிறான். லெட்டூஸ், பீன்ஸ், முள்ளங்கி என்று வயிறு முட்டத் தின்றுவிட்டு தோட்டக்காரர் மெக்ரெகரின் கண்ணில் பட்டுவிடுகிறான். அப்புறம் ஒரே ஓட்டம்தான்.

இதில் என்ன இருக்கிறது என்றுதான் நானும் நினைத்தேன். என் மகளுக்குப் படித்துக் காட்டிக்கொண்டிருந்தபோது அவள்தான் நிறுத்தினாள்: "அப்பா, அவன் இப்ப நாலு கால்ல ஓடறானா?" ஆமாம். ஆரம்பத்தில் நீலச் சட்டை, ஷூ எல்லாம் போட்டுக்கொண்டு இரண்டு காலில் நிற்கிற பையன், ஒரு ஷூவை முட்டைக்கோசு பாத்தியிலும் இன்னொன்றை உருளைக்கிழங்குப் பாத்தியிலும் தொலைத்தவுடன் நாலு காலில் ஓட ஆரம்பிக்கிறான். வேகமும் கூடுகிறது. கடைசியில் அவனை மாட்டிவிடுவது எது? சட்டையின் பித்தளைப் பொத்தான்கள்தான். கூஸ்பெர்ரி செடிக்குப் போட்ட வலையில் சிக்கிக்கொள்கின்றன. புத்தம்புதுச் சட்டை. அதை உதறிவிட்டு ஓடினால்தான் உயிர் தப்பும். துணி போகப் போக பையன் மறைந்து முயல் வெளியே வருகிறது. குழந்தைகளுக்கு இது சட்டென்று பிடிபடுகிறது. எனக்குத்தான் இரண்டு வாரம் ஆனது.

எழுதி வரைந்த பியாட்ரிக்ஸ் பாட்டருக்கு முயலை உள்ளும் புறமும் தெரியும். லண்டன் வீட்டில் அவரும் தம்பியும் முயல், எலி, முள்ளெலி என்று வளர்த்தார்கள். செத்த பிராணிகளை வேகவைத்து எலும்புக்கூட்டை எடுத்துப் பார்த்து வரைந்தவர்கள்! காளான் வித்துகள் முளைப்பதைப் பற்றி பியாட்ரிக்ஸ் எழுதிய கட்டுரை 1897-இல் லண்டனின் லின்னேயன் சங்கத்தின் (இயற்கை அறிவியலாளர்கள் கூடும் அமைப்பு) முன் வைக்கப்பட்டது. பெண்களுக்கு அங்கே இடமில்லை என்பதால் வேறொருவர்தான் அதைக் கொண்டுபோனார். பீட்டர் என்பதும் அவர் வளர்த்த முயலின் பெயர்தான்.

இந்தக் கதை புத்தகமாகப் பிறக்கவும் இல்லை. தனக்குப் பாடம் சொல்லித்தந்தவரின் மகன் நோயெலுக்கு 5 வயதில் உடம்பு சரியில்லாமல் போக, 1893 செப்டம்பரில் படம் போட்டு அவனுக்கு ஒரு கடிதம் எழுதினார். என்ன எழுதுவதென்று தெரியவில்லை, அதனால் நாலு முயல்குட்டிகளின் கதையைச் சொல்கிறேன் என்று அது தொடங்குகிறது. பிறகு பதிப்பாளர்கள் பலர் வேண்டாம் என்று சொல்லிவிட, 1901-இல் சொந்தக் காசில் 250 பிரதிகள் அச்சடித்தார். அடுத்த வருடம்தான் பிரெடரிக் வார்ன் நிறுவனம் வண்ணத்தில் கொண்டுவந்தது.

ஒரே ஒரு இடம் உங்களைத் தயங்க வைக்கும். "உங்க அப்பாவுக்கு அங்கேதான் விபத்து; மெக்ரெகர் வீட்டம்மா அவரை வைத்து 'பை' (pie, மாவுக்குள் கறி வைத்துச் சுடும் பலகாரம்) சமைத்துவிட்டாள்" என்று இரண்டாவது பக்கத்திலேயே அம்மா முயல் சாதாரணமாகச் சொல்லிவிடுகிறது. முதல் நாள் நான் அந்த வரியை முழுங்கிவிட்டேன். விளைவு, கதை முழுக்க "அவங்கப்பா எங்கே?" என்ற கேள்வி. மறுநாள் உள்ளபடி படித்தேன். "ஓ" என்றாள், அடுத்த பக்கத்தைப் புரட்டினாள். ஆரம்பப் பதிப்புகளில் அந்தப் பை மேசைக்கு வரும் படமே இருந்தது, பிறகு எடுத்துவிட்டார்கள்.

வாசகத்தில் இல்லாதது படத்தில் இருக்கும், அதையும் கவனியுங்கள். முட்டைக்கோசு நடுவே கிடக்கும் ஷூவை ஒரு குட்டி ராபின் பறவை உற்றுப் பார்க்கிறது. கதையில் அதைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை.

சரி, பதிப்பு விஷயம். கதையைச் சுருக்கி, வேறு யாரோ பளிச்சென்று படம் வரைந்த பதிப்புகள் ஏராளமாக இருக்கின்றன. அவற்றில் மேலே சொன்ன எதுவும் இருக்காது. உள்ளங்கை அளவில், ஒரு பக்கம் நாலைந்து வரி, எதிர்ப்பக்கம் நீர்வண்ணப் படம் என்று இருந்தால் அதுதான் அசல். வாங்குமுன் பார்க்க வேண்டுமென்றால் பழைய புத்தகங்களை இணையத்தில் தரும் குட்டன்பர்க் தளத்தில் படங்களோடு இலவசமாகவே கிடைக்கிறது. இங்கிலீஷ் வாசகத்தைப் பார்த்துக்கொண்டே தமிழில் சொல்லிக்கொண்டு போங்கள். கடைசியில் அம்மா முயல் தரும் கெமோமில் டீயை எங்கள் வீட்டில் கஷாயம் என்றுதான் சொல்வோம். முகத்தைச் சுளிப்பது எல்லா ஊரிலும் ஒன்றுதான்.

பள்ளியில் வாரம் ஒரு தண்ணீர் பாட்டிலைத் தொலைத்துவிட்டு வரும் பிள்ளை உங்கள் வீட்டிலும் இருந்தால், பீட்டர் வெறும் உடம்போடு வீடு திரும்பும் பக்கத்தில் கொஞ்சம் நில்லுங்கள். பதினைந்து நாளில் அவன் தொலைத்த இரண்டாவது சட்டையாம் அது.