பிரிங் மீ த ஹொரைசன்: ரிஃப் ஒதுங்கிய இடம்

வணக்கம். பிரிட்டிஷ் ராக் பேண்டான பிரிங் மீ த ஹொரைசனை ‘சூசைட் சீசன்’ ஆல்பம் (2008) வந்த காலத்திலிருந்து கேட்கிறேன். 2019-இல் வந்த ‘ஆமோ’ ஆல்பத்தில் காசுக்காகத் திடீரென்று பாப் பக்கம் தாவிவிட்டார்கள் என்பது என் வருத்தம். இன்னொன்று: எங்கள் மெட்டல்கோர் (மெட்டலும் ஹார்ட்கோர் பங்கும் கலந்த இசை) பேண்டிலும் சின்த் (சின்தசைசர், மின்னணு ஒலிக்கருவி) சேர்த்தோம். அதிலிருந்து கிட்டார் எடுபடவே இல்லை. ஏன்?
– ஆர்.

அன்புள்ள ஆர்.,

திடீரென்று நடந்ததல்ல. நீங்கள் சொல்லும் ‘சூசைட் சீசன்’ பாடல்களையே 2009-இல் ரீமிக்ஸ் ஆல்பமாக வெளியிட்டார்கள். எலக்ட்ரானிக் இசைக் கலைஞர் ஸ்க்ரிலெக்ஸும் அதில் உண்டு. ஆனால் அது முடிந்த பாட்டின் மேல் பூசிய பூச்சு. 2013-இன் ‘செம்பிடர்னல்’ ஆல்பம்தான் திருப்பம். ஜோர்டான் ஃபிஷ் கீபோர்டுக்கு வந்தபின் பாட்டு எழுதும்போதே சின்த் உள்ளே வந்துவிட்டது. அதிலுள்ள ‘கேன் யூ ஃபீல் மை ஹார்ட்’ பாட்டின் தொடக்கத்தைக் கேளுங்கள். மனதில் நிற்பது நறுக்கிப்போட்ட அந்தச் சின்த்; கிட்டார் அதற்கு முட்டுக்கொடுக்கிறது. பாடகர் ஆலிவர் சைக்ஸ் அலறலைக் குறைத்துப் பாடப் பாட, ரிஃப் (திரும்பத் திரும்ப வரும் கிட்டார் துணுக்கு) மேலும் ஒதுங்கியது. ‘ஆமோ’வில் பாடகி க்ரைம்ஸ் பாடும் பாட்டு கிட்டத்தட்ட டான்ஸ் இசைதான். (எனக்கு அந்த ஆல்பத்திலேயே அதுதான் உருப்படி.)

உங்கள் சிக்கலும் அந்த ரீமிக்ஸ் போன்ற பூச்சுதான். கிட்டாரை அப்படியே வைத்துக்கொண்டு சின்த்தை மேலே ஏற்றியிருப்பீர்கள். டிராப் சி-யில் (அடித்தந்தியை சி சுரத்துக்கு இறக்கும் டியூனிங்) கிட்டாரின் அடித்தந்தி சுமார் 65 ஹெர்ட்ஸ், பேஸ் கிட்டாரின் அடித்தந்தி 33. சின்த்தும் அங்கேயே இறங்கினால் எல்லாம் கொழகொழத்துவிடும். 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே பேஸ், சின்த் இரண்டில் ஒன்றுக்குத்தான் இடம்; மற்றதன் அடி ஒலியை ஹை-பாஸ் ஃபில்டர் போட்டு வெட்டுங்கள். சின்த் பேடை (பின்னணியில் நீண்டொலிக்கும் சின்த்) ஒரு ஆக்டேவ் ஏற்றி, 300 ஹெர்ட்ஸ் பக்கம் 3 டெசிபல் குறையுங்கள். கிட்டாரின் கெயினையும் (டிஸ்டார்ஷனைக் கூட்டும் அளவு) இறக்குங்கள். டிஸ்டார்ஷன் கூடினால் கனம் கூடுவதில்லை, இரைச்சல்தான் கூடும்.

சைட்செயின் (கிக் டிரம் அடிக்கும்போதெல்லாம் கம்ப்ரஸர் சின்த்தின் ஒலியைக் குறைக்கும் முறை) போடும்போது ஒரு பொறி இருக்கிறது. 140 பிபிஎம்மில் (நிமிடத்துக்கு 140 தாள அடிகள்) டபுள் கிக் பதினாறாம் நோட்டாக ஓடினால் அடிக்கு அடி இடைவெளி 107 மில்லிசெகண்ட். ரிலீஸை (குறைந்த ஒலி பழைய அளவுக்குத் திரும்பும் நேரம்) 150 மில்லிசெகண்டில் வைத்தால் கம்ப்ரஸர் மீளவே மீளாது; அந்த பார் முழுக்க சின்த் காணாமல் போகும். அந்த இடங்களில் கம்ப்ரஸரைத் தூண்டும் டிரிகரை கிக்கிலிருந்து எடுக்காதீர்கள். வெளியே கேட்காத தனி டிராக்கில் கால் நோட்டுகளை மட்டும் வைத்து, அதிலிருந்து கொடுங்கள்.