செம்புத் தண்ணீரும் சிங்க் குளிசையும்

உப்புவெளியிலிருந்து ஒரு மகள் எழுதியிருக்கிறார். அம்மாவுக்கு 61 வயது. பத்து வருடமாகச் சீனி வருத்தம், மெட்ஃபோமின் எடுக்கிறார். இரவில் செம்புக் குடத்தில் தண்ணீரை வைத்து, விடிந்ததும் அதற்குள்ளேயே தேசிக்காய் பிழிந்து குடிப்பது வழக்கம். அப்புறம் ஒரு வீடியோ வந்திருக்கிறது: உடம்பில் செம்பு கூடுவதால்தான் மூட்டுவலியும் சீனியும் வருகிறதாம். செம்பைக் குறைக்க எட்டு மாதமாகத் தினமும் 50 மில்லிகிராம் சிங்க் குளிசை போடுகிறார். இப்போது கால் விறைக்கிறது, ஒரே களைப்பு. ‘குடத்துத் தண்ணீரை நிறுத்திவிடட்டா?’ என்பது கேள்வி.

குடத்துக்குப் பிறகு வருகிறேன். கடிதத்தில் என்னைப் பயமுறுத்தியது அந்தக் குளிசை.

சிங்க் அளவுக்கு மிஞ்சிப் போனால், குடற்சுவரில் மெட்டலோதயோனின் என்ற புரதம் கூடுதலாக உருவாகும். அது செம்பை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். சில நாளில் அந்தக் கலங்கள் உதிரும்போது செம்பும் மலத்தோடு போய்விடும். ஈரலிலும் மூளையிலும் செம்பு தேங்கும் வில்சன் நோய்க்குச் சிங்க் மருந்தாவது இதனால்தான். செம்பு தேங்காத ஒருவர் மாதக்கணக்கில் எடுத்தால் உள்ளதும் இறங்கிவிடும். இரத்தசோகை வரும், வெண்குழியங்கள் குறையும், முள்ளந்தண்டு நரம்பு பழுதுபட்டுக் கால் விறைக்கும், நடை தள்ளாடும்.

சிக்கல் என்னவென்றால், விற்றமின் பி12 குறைந்தாலும் இதே மாதிரித்தான் இருக்கும். மெட்ஃபோமின் பி12ஐக் குறைக்கக்கூடியது. சீனி வருத்தமே காலை விறைக்க வைக்கும். அம்மாவுக்கு எது என்று கடிதத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது. டொக்டர் எழுதித் தராத சிங்க் என்றால் இன்றைக்கே நிறுத்துங்கள். மெட்ஃபோமினில் கை வைக்க வேண்டாம். இந்தக் கிழமையே கிளினிக்குக்குப் போங்கள். குளிசைப் போத்தலும் கையோடு போகட்டும். ‘ஏதோ விற்றமின்’ என்றால் யாரும் கவனிக்க மாட்டார்கள், லேபலில் உள்ள அளவுதான் பேசும். இரத்தக் கலங்களின் எண்ணிக்கை, பி12, செம்பு, செருலோபிளாஸ்மின் என்ற புரதம் எல்லாம் பார்க்கலாமா என்று கேளுங்கள். இரத்தசோகை சீக்கிரம் தேறிவிடும். நரம்பு முழுதாகத் தேறும் என்று சொல்ல முடியாது.

ரிப்போட்டில் செம்பு கூடக் காட்டினாலும் பதற வேண்டாம். இரத்தத்தில் செம்பைச் சுமப்பது பெரும்பாலும் செருலோபிளாஸ்மின்தான். மூட்டு வீங்கினாலோ கிருமித் தொற்று வந்தாலோ அது கூடும், கர்ப்பத்திலும் கூடும். மழைக்குத்தான் குடை விரிகிறது. குடை விரிந்ததால் மழை என்கிறார் வீடியோக்காரர்!

உணவுக்கும் பயப்பட வேண்டாம். வளர்ந்தவருக்கு நாளுக்கு 0.9 மில்லிகிராம் செம்பு தேவை. கணவாய், நண்டு, கஜு, எள்ளு எல்லாவற்றிலும் இருக்கிறது. நண்டின் இரத்தம் நீலமாக இருப்பதே செம்பால்தான். மிஞ்சியதை ஈரல் பித்தத்தோடு வெளியே தள்ளிவிடும்.

சரி, குடம். வெறும் தண்ணீர் ஓர் இரவு இருந்தால் பரவாயில்லை. தேசிக்காயை மட்டும் அதற்குள் பிழிய வேண்டாம். பழப்புளி போட்டுத் தேய்த்தால் குடம் பளபளக்கிறதே, அந்தப் புளிப்பு செம்பைக் கரைத்து எடுப்பதால்தான். தேசிக்காயும் தண்ணீருக்குள் அதையேதான் செய்கிறது. குமட்டல், வாந்தி, வயிற்றுவலி வரலாம். தண்ணீரைக் கண்ணாடிக் கிளாசில் ஊற்றிய பிறகு பிழியச் சொல்லுங்கள். மோரும் செம்புப் பாத்திரத்தில் வேண்டாம். குடும்பத்தில் யாருக்காவது வில்சன் நோயோ, இள வயதில் காரணம் பிடிபடாத ஈரல் வருத்தமோ இருந்தால், பரிசோதித்துப் பார்க்கும் வரை குடத்தைப் பரணில் வைத்துவிடுங்கள்.