பிடிக்காததை மனம் ஏன் கேட்கிறது?

அன்புள்ள ஆசிரியருக்கு,

குடியை நிறுத்தி எட்டு மாதங்களாகின்றன. தொடக்கத் தவிப்பெல்லாம் அடங்கிவிட்டது என்றுதான் நினைத்திருந்தேன். சென்ற வாரம் பழைய நண்பன் ஒருவன் தொலைபேசியில் பேசினான். குடியைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை. பேசி முடித்ததும் எனக்கு நாக்கு ஊறியது, உள்ளங்கை வியர்த்தது. குடிக்கவில்லை. ஆனால் உள்ளுக்குள் நான் இன்னும் பழைய ஆள்தானோ என்ற சந்தேகம் அரிக்கிறது. கடைசி ஆண்டுகளில் குடி எனக்கு இன்பமே தரவில்லை. பிடிக்காத ஒன்றை மனம் ஏன் கேட்கிறது? மன உறுதி போதவில்லையா?

(பெயர் வெளியிட வேண்டாம்)

அன்புள்ள நண்பருக்கு,

நீங்கள் கேட்டிருப்பது பழுதில்லாத கேள்வி. டெர்ரி ராபின்சன், கென்ட் பெரிட்ஜ் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1993-இல் முன்வைத்த கோட்பாடு ஏறத்தாழ இதற்கான விடைதான். ஒன்றைச் சுவைத்து மகிழ்வதும் அதை நாடித் தவிப்பதும் மூளையில் வெவ்வேறு வேலைகள் என்றார்கள். டோபமைன் என்ற மூளை வேதிப்பொருளுக்கு இரண்டாவதில்தான் பெரிய பங்கு. குடி நீள நீள மகிழ்ச்சி தேயலாம். நாட்டம் மட்டும் கூர்மையாகிக்கொண்டே போகும். குடியோடு சேர்ந்து வந்த நேரம், வாசனை, முகம், குரல் எல்லாவற்றிலும் அது ஒட்டிக்கொள்ளும். உங்கள் நண்பர் குடியைப் பற்றிப் பேச வேண்டிய தேவையே இருக்கவில்லை.

ஆகவே அன்று எழுந்தது உங்கள் உண்மையான விருப்பம் அல்ல. பல ஆண்டுகள் பயின்ற பாடம், தூண்டுதல் கிடைத்ததும் தானாக ஒப்பித்தது.

வியட்நாம் போரில் ஹெராயினுக்கு அடிமையான அமெரிக்க வீரர்களை லீ ராபின்ஸ் என்ற ஆய்வாளர் 1970-களில் ஆராய்ந்தார். ஊர் திரும்பியவர்களில் மிகப் பெரும்பாலோர் மீண்டும் அடிமையாகவில்லை. இதற்குச் சொல்லப்படும் காரணங்களுள் முக்கியமானது, பழக்கம் வேர்பிடித்த சூழல் கடலுக்கு அப்பால் தங்கிவிட்டது என்பது. உங்களுக்கு அந்த வசதி இல்லை. குடித்த அதே தெருவில், அதே தொலைபேசி எண்ணோடு மீண்டுகொண்டிருக்கிறீர்கள். இதைச் செய்பவரைப் பார்த்து மன உறுதி இல்லை என்று சொல்ல எனக்கு வாய் வராது. (வீட்டில் யாராவது அப்படிச் சொல்கிறார்களோ என்று ஐயப்படுகிறேன். அப்படியானால் இந்தப் பத்தியை அவரிடம் காட்டுங்கள்.)

பல்லைக் கடித்துக்கொண்டு 'நினைக்கவே கூடாது' என்று அடக்குவது பெரும்பாலும் பலிக்காது. ஆலன் மார்லட் என்ற உளவியலாளர், வேட்கையைக் கடலலை போலக் கருதச் சொன்னார். அது எழும், உச்சம் தொடும், தானே தாழும். நாம் இடம் கொடுக்காவிட்டால் பெரும்பாலும் அரைமணி நேரத்துக்குள் தணிந்துவிடும். அதுவரை உடம்பைக் கவனியுங்கள்: தொண்டையில் இறுக்கமா, நெஞ்சில் படபடப்பா, கூடுகிறதா, குறைகிறதா? இருக்கும் இடத்தைவிட்டு எழுந்து நடங்கள். நம்பிக்கையான ஒருவரை அழைத்து, 'எனக்கு இப்போது குடிக்கத் தோன்றுகிறது' என்று அப்படியே சொல்லுங்கள். 'ஒரே ஒரு முறை' என்று மனம் பேரம் பேச வரும்போது பதில் வாதம் செய்யாதீர்கள். அதில் நீங்கள் வெல்லப்போவதில்லை.

பசி, கோபம், தனிமை, களைப்பு ஆகிய நான்கையும் முதலில் பாருங்கள் என்று மீட்சிக் குழுக்களில் சொல்வார்கள். எளிய அறிவுரைதான், ஆனால் பல மாலைகளைக் காப்பாற்றியிருக்கிறது. என்றாவது சறுக்கினாலும், 'எல்லாம் போயிற்று' என்ற எண்ணம்தான் முதல் கோப்பையைவிட அதிகக் கேடு செய்யும். அன்றே யாரிடமாவது சொல்லிவிடுங்கள்.

வேட்கை அடிக்கடி வந்தால் மனநல மருத்துவரிடம் நால்ட்ரெக்ஸோன், அகாம்பிரோசேட் போன்ற மருந்துகளைப் பற்றிக் கேளுங்கள். எல்லோருக்கும் பொருந்தாது, ஆனால் பலருக்கு உதவுகின்றன. மருந்தின் துணையோடு மீள்வது இரண்டாம் தர மீட்சி என்று நினைப்பவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை.

இன்னும் குடித்துக்கொண்டே இதைப் படிப்பவர்களுக்கு ஒன்று. நாள்தோறும் மிகுதியாகக் குடிப்பவர் திடீரென நிறுத்தினால் வலிப்பு வரலாம், சித்தம் கலங்கலாம், உயிருக்கே ஆபத்தாகலாம். நிறுத்தும் முன்பே மருத்துவரைப் பாருங்கள்.