ஓபி-யில் மூன்று மணி நேரம்: டோக்கன் மென்பொருள் வாங்கலாமா?

கேள்வி: 20 படுக்கைகள் கொண்ட தனியார் மருத்துவமனையில் நிர்வாகியாக இருக்கிறேன். காலை ஓபி-யில் ஒரே டாக்டர், சுமார் 60 பேர். மூன்று மணி நேரத்துக்கு மேல் காக்கவைக்கிறீர்கள் என்று தினமும் சண்டை. டோக்கன் மென்பொருள் வாங்குவதா, இன்னொரு டாக்டரைப் போடுவதா?

பதில்: இப்போதைக்கு இரண்டுக்கும் பணம் செலவழிக்காதீர்கள். ஒரு வாரத்துக்கு மட்டும், பெயர் பதியும்போதே ஒவ்வொருவர் கையிலும் ஒரு துண்டுச்சீட்டு கொடுங்கள். வந்த நேரம், டாக்டர் அறைக்குள் போன நேரம், வெளியே வந்த நேரம், மருந்து வாங்கிய நேரம். அங்கங்கே இருக்கும் ஊழியர் பேனாவால் குறித்தால் போதும். டாக்டரிடம் சொல்லிவிட்டு அரை நாள் அவர் அறைக்குள்ளேயும் உட்கார்ந்து பாருங்கள்.

நான் அப்படி உட்கார்ந்த ஓர் இடத்தில், ஒரு பெரியவர் உள்ளே ஏழு நிமிடம் இருந்தார். பழைய ஃபைல் வந்து சேர இரண்டு நிமிடம். சட்டைக் கையை மடித்து பிரஷர் பார்க்க ஒன்றரை நிமிடம். மஞ்சள் பையிலிருந்து மாத்திரை அட்டைகளை ஒவ்வொன்றாக எடுத்துக் காட்ட இரண்டு நிமிடம். டாக்டர் அவருடைய உடம்பைப் பற்றிப் பேசியது மீதி ஒன்றரை நிமிடம்தான். அதற்காகத்தான் அவர் விடிகாலையில் பஸ் ஏறி வந்தார்.

மதுரை அரவிந்த் கண் மருத்துவமனை 1976-ல் 11 படுக்கைகளோடு தொடங்கியது. டாக்டர் ஜி. வெங்கடசாமி அங்கே உருவாக்கிய முறை உங்களுக்கு அப்படியே பொருந்தும். அறுவை அரங்கில் ஒரு சர்ஜனுக்கு இரண்டு மேஜைகள். ஒன்றில் அறுவை நடக்கும்போதே அடுத்தவர் பக்கத்து மேஜையில் தயாராகிவிடுவார். தயார்ப்படுத்துவது, பார்வை சோதிப்பது எல்லாம் கிராமங்களிலிருந்து வந்து அங்கேயே பயிற்சி பெற்ற பெண்களின் பொறுப்பு. டாக்டர் மட்டுமே செய்யக்கூடிய வேலைக்கு டாக்டரின் நேரம்.

உங்கள் ஓபி-யிலும் அறைக்கு வெளியே ஒரு மேஜை போடுங்கள். எடை, பிரஷர், சாப்பிடும் மாத்திரைகளின் பட்டியல் எல்லாவற்றையும் நர்ஸ் அங்கேயே முடிக்கட்டும். மறுபரிசோதனைக்கு வருபவர்களின் ஃபைலை முந்தைய நாள் மாலையே எடுத்து அடுக்கிவிடுங்கள்.

அந்த மேஜைக்குத் தேவையானதை ஒரே தட்டில் வையுங்கள். சின்ன விஷயமாகத் தெரியும், ஆனால் இங்கேதான் பல திட்டங்கள் படுத்துவிடுகின்றன. அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் டாக்டர் பீட்டர் புரோனோவோஸ்ட், ஐசியூ-வில் ரத்தக்குழாய்க்குள் குழாய் செருகும்போது வரும் தொற்றைத் தடுக்க 2001-ல் ஐந்து வரிப் பட்டியல் ஒன்று போட்டார். கை கழுவுவதுதான் முதல் வரி. எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஆனால் தேவையான பொருள்கள் பல இடங்களில் சிதறிக் கிடந்தன. எல்லாவற்றையும் ஒரே தள்ளுவண்டியில் வைத்தார்கள். டாக்டர் ஒரு படியை விட்டுவிட்டால் தடுத்து நிறுத்தும் உரிமையை நர்ஸுக்குக் கொடுத்தார்கள். தொற்று பெருமளவு குறைந்தது. அந்த உரிமை இல்லாமல் பட்டியலை மட்டும் சுவரில் ஒட்டியிருந்தால் இது நடந்திருக்காது என்பது என் உறுதியான எண்ணம்.

சரி, இனி கணக்கு. ஆளுக்கு நான்கு நிமிடம் என்றால் 60 பேருக்கு நான்கு மணி நேரம். எல்லோரும் எட்டரைக்கே வந்து, டாக்டர் பத்து மணிக்கு உட்கார்ந்தால், சராசரிக் காத்திருப்பு மூன்றரை மணி நேரம். மென்பொருள் இதில் ஒரு நிமிடத்தைக்கூடக் குறைக்காது. வெளி மேஜையால் நான்கு நிமிடம் மூன்றானால் டாக்டருக்கு ஒரு மணி நேரம் மிஞ்சும். அப்புறம் போனில் நேரம் கொடுங்கள்: பத்திலிருந்து பதினொன்றுக்குள் 15 பேர், அடுத்த மணிக்கு 15 பேர் என்று. நேரே வருபவர்களுக்கும் அவசரத்துக்கும் ஒவ்வொரு மணியிலும் ஐந்து இடம் காலியாக இருக்கட்டும்.

டாக்டர் சொன்ன நேரத்துக்கு வராவிட்டால் இவ்வளவும் வீண். அதை அவரிடம் சொல்வது உங்களுக்குச் சங்கடம்தான், புரிகிறது. குற்றம் சொல்ல வேண்டாம். ஒரு வாரத் துண்டுச்சீட்டுகளை அவர் மேஜையில் வைத்துச் சேர்ந்து படியுங்கள். ஒரு மாதம் கழித்து அதே சீட்டை மறுபடியும் கொடுத்துப் பாருங்கள். அப்போதும் காத்திருப்பு ஒரு மணி நேரத்தைத் தாண்டினால் இன்னொரு டாக்டரைத் தேடலாம்.