இரண்டாவது காருக்கும் அதே போனஸ் கிடைக்குமா?

கேள்வி: வணக்கம் அக்கா. வீட்டுக்காரரின் ஆல்டோ காருக்கு ஏழு வருடமாகக் காப்புறுதியில் ஒரு க்ளெய்மும் (நட்டஈடு) எடுக்கவில்லை, அதனால் வருடக் கட்டணத்தில் நோ க்ளெய்ம் போனஸ் என்ற கழிவு 50 வீதம் கிடைக்கிறது. நான் நானுஓயாவுக்குப் படிப்பிக்கப் போய்வர இப்போது லீசிங்கில் ஒரு வேகன் ஆர் எடுக்கிறோம். அந்த போனஸை இரண்டுக்கும் போடலாமா? போன மாதம் ஆல்டோவின் பின் பம்பர் மதிலில் உரசிவிட்டது. அதற்கு க்ளெய்ம் எடுப்பதா, வேண்டாமா என்று வீட்டில் ஒரே பேச்சு. — ஆசிரியை, தலவாக்கலை

பதில்: போட முடியாது தங்கச்சி. ஒரு போனஸ், ஒரு நேரத்தில் ஒரு வாகனத்துக்குத்தான். ஆனால் எந்த வாகனத்தில் அது இருக்க வேண்டும் என்று நீங்கள் கேட்கலாம், காசு மிஞ்சுவதும் அங்கேதான். உதாரணத்துக்கு, கழிவில்லாமல் வருடக் காப்புறுதிக் கட்டணம் ஆல்டோவுக்கு 50,000 ரூபாய், வேகன் ஆருக்கு 120,000 என்று வையுங்கள். 50 வீதம் ஆல்டோவில் இருந்தால் 25,000 மிச்சம், வேகன் ஆருக்குப் போனால் 60,000. அதனால் போனஸைப் புதுக் காருக்கு மாற்றுங்கள், ஆல்டோ திரும்ப முதலிலிருந்து சேர்க்கட்டும். அப்புறம், இரண்டையும் ஒரே கம்பெனியில் போட்டால் ஆல்டோவுக்கு ஏதாவது கழிவு தருவார்களா என்றும் கேளுங்கள், கேட்காமல் யாரும் தரமாட்டார்கள்.

ஒரு விஷயத்தை மட்டும் லீசிங் கடதாசியில் கையெழுத்து வைக்க முன்னமே பாருங்கள். போனஸ் வீட்டுக்காரர் பெயரில் இருக்கிறது, வேகன் ஆர் உங்கள் பெயரில் பதிவானால் அது கூடவே வரும் என்று நினைக்காதீர்கள். கணவன் மனைவிக்குள் மாற்றித் தருவார்களா என்று கம்பெனியிடம் எழுத்தில் வாங்குங்கள், ஏஜென்ட் வாயால் சொன்னது பிறகு நிற்காது. கம்பெனி மாறுவதென்றால் எத்தனை வருடம் க்ளெய்ம் இல்லை என்ற கடிதத்தையும் பழைய இடத்தில் எடுத்துவிடுங்கள்.

பம்பர் விஷயம். க்ளெய்ம் என்றால் உரசிய இடத்திலிருந்தே போன் பண்ணியிருக்க வேண்டும், ஒரு மாதம் கழித்துப் போனால் ஆயிரம் கேள்வி வரும். அதை விடுங்கள், கராஜ் பாஸிடம் காட்டி டிங்கரிங், பெயின்ட் எவ்வளவு என்று கேளுங்கள். அந்தத் தொகை அடுத்த வருடம் போனஸ் குறைவதால் கூடும் தொகையை விடச் சிறிதென்றால் கைக்காசைக் கொடுத்து முடியுங்கள். ரம்பொடை வளைவில் ஒரு பஸ் என் காரின் பக்கக் கண்ணாடியைப் பிடுங்கிக்கொண்டு போனது, 18,000 ரூபாய்க்கு அவசரப்பட்டு க்ளெய்ம் எடுத்தேன், அடுத்த புதுப்பித்தலில் அதைவிடக் கூடுதலாகக் கட்டினேன்.

லீசிங் இல்லாத ஆல்டோவுக்கு மூன்றாம் தரப்புக் காப்புறுதி (உங்கள் கார் மற்றவர்களுக்குச் செய்யும் சேதத்துக்கானது) மட்டும் போதுமே என்று யாராவது சொல்வார்கள். சட்டத்துக்குப் போதும், வருடாந்த வருமான அனுமதிப்பத்திரமும் எடுக்கலாம். ஆனால் மழைக்காலத்தில் மேட்டுமண் சரிந்து காரின் மேல் விழுந்தால் அதில் உங்களுக்கு ஒரு சதமும் வராது. முழுக் காப்புறுதி என்றாலும் மண்சரிவும் வெள்ளமும் அதில் எழுதியிருக்கிறதா என்று பத்திரத்தைப் பிரித்து வாசித்துவிட்டே காசைக் கட்டுங்கள்.