வயதான பூனையும் சிறுநீரகக் கோளாறும்: வாசகர் கேள்வி-பதில்

சிறுநீரகம் தளர்ந்த பூனையை வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்வது பற்றி நிறையக் கடிதங்கள் வந்துள்ளன. பலரும் கேட்டிருப்பவற்றுக்கு எங்கள் கால்நடை மருத்துவக் குழு இங்கே பதில் தருகிறது.

கேள்வி: எங்கள் பூனைக்கு 14 வயது. ரத்தத்தில் கிரியாட்டினின் (சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவு) 3.1 மி.கி./டெ.லி. என்று வந்திருக்கிறது. ‘மூன்றாம் நிலை’ என்கிறார் மருத்துவர். இனி நாளை எண்ண வேண்டியதுதானா?

பதில்: அப்படி இல்லை. நிலைகள் மொத்தம் நான்கு. சிறுநீரக நோய்க்கான சர்வதேச கால்நடை நிபுணர் குழுவான ஐரிஸின் அளவுகோலின்படி கிரியாட்டினின் 1.6-க்குக் கீழே இருந்தால் முதல் நிலை, 1.6 முதல் 2.8 வரை இரண்டாவது, 2.9 முதல் 5.0 வரை மூன்றாவது. அதற்கு மேலே போனால் நான்காவது. உங்கள் பூனை மூன்றாம் நிலையின் வாசலில்தான் நிற்கிறது.

ஆனால் ஒரே ஒரு பரிசோதனையை வைத்து நிலையைத் தீர்மானிக்கக் கூடாது. இரண்டு நாள் வாந்தியெடுத்து உடல் வறண்ட பூனைக்கு ரத்தம் எடுத்தால் அளவு ஏறித்தான் தெரியும். உடலில் நீர்ச்சத்தைச் சரிசெய்து, சில வாரங்கள் கழித்து மறுபடி பார்த்த பிறகே நிலையைச் சொல்வது முறை. இன்னொரு சிக்கலும் உண்டு. கிரியாட்டினின் தசையிலிருந்து வருவது. எலும்பும் தோலுமாக மெலிந்த பூனைக்கு நோய் முற்றியிருந்தாலும் எண் குறைவாகவே காட்டும். அதற்காகத்தான் தசையை அவ்வளவாகச் சாராத எஸ்.டி.எம்.ஏ. என்ற ரத்தப் பரிசோதனையையும் சேர்த்துச் செய்கிறார்கள்.

அடுத்த முறை போகும்போது நான்கு விஷயங்களைக் கேட்டு வாங்குங்கள்: ரத்த அழுத்தம், சிறுநீரில் புரதம் எவ்வளவு, பாஸ்பரஸ், பொட்டாசியம். கெட்டுப்போன சிறுநீரகத் திசுவை மீட்க வழியில்லை. இந்த நான்கையும் கட்டுக்குள் வைக்க வழியுண்டு. அப்படி வைத்தால் ஆண்டுக்கணக்கில் நன்றாக இருக்கும் பூனைகள் ஏராளம்.

கேள்வி: சிறுநீரக நோய்க்கான உணவு வாங்கினோம். முகர்ந்து பார்த்துவிட்டு நகர்ந்துவிடுகிறது. வேறு எதுவும் கொடுக்காமல் இரண்டு நாள் பட்டினி போட்டால் வழிக்கு வருமா?

பதில்: வேண்டவே வேண்டாம். நாய் பசித்தால் சாப்பிடும். பூனையிடம் அது நடக்காது. இரண்டு மூன்று நாள் வயிறு காலியாக இருந்தாலே, உடலில் உள்ள கொழுப்பு ஈரலில் போய்ப் படியத் தொடங்கலாம். அந்தக் கொழுப்பு ஈரல் நோய், சிறுநீரகத்தை விட வேகமாக ஆளை முடித்துவிடும்.

சிறுநீரக உணவின் பலன் உண்மையானது. பாஸ்பரஸும் புரதமும் குறைவு, பொட்டாசியமும் ஒமேகா-3 கொழுப்பும் அதிகம். ஆனால் தட்டிலேயே கிடக்கும் உணவால் என்ன பயன்? மாற்றத்துக்கு மூன்று நான்கு வாரமாவது எடுத்துக்கொள்ளுங்கள். பழைய உணவில் பத்தில் ஒரு பங்கு புதியதைக் கலந்து ஆரம்பியுங்கள். நான்கைந்து நாள் தகராறில்லாமல் சாப்பிட்டால் அளவைக் கூட்டுங்கள். மறுத்தால் முந்தைய அளவுக்கே திரும்புங்கள். கலந்தால் தொடவே மறுக்கும் பூனைக்கு இரண்டு தட்டு வைக்கலாம்: ஒன்றில் பழையது, பக்கத்தில் கொஞ்சம் புதியது. ஈர உணவை உடல் சூட்டுக்கு, அதாவது 38 டிகிரி அளவுக்கு வெதுவெதுப்பாக்கினால் வாசனை கிளம்பும்.

பலர் சறுக்குவது இரண்டு இடங்களில். ஒன்று, மருத்துவமனையில் குமட்டலோடு கிடக்கும் பூனைக்கு முன்னால் புதிய உணவை நீட்டுவது. அந்தக் குமட்டலையும் அந்த உணவையும் முடிச்சுப் போட்டுக்கொண்டால், குணமான பிறகும் அதை ஏறெடுத்துப் பார்க்காது. இரண்டு, அதே உணவில் மாத்திரையைப் பொடித்து ஒளிப்பது.

என்ன செய்தும் ஏற்கவில்லையா? பழைய உணவையே கொடுங்கள். பாஸ்பரஸை வேறு வழியில் பிடிப்போம். 4 கிலோ பூனைக்கு நாளொன்றுக்குச் சுமார் 200 கலோரி உள்ளே போக வேண்டும். முதலில் பார்க்க வேண்டிய கணக்கு இதுதான். எந்த உணவு என்பது அடுத்தது.

கேள்வி: அந்த ‘வேறு வழி’ பொடியா? சாப்பிட்டு முடித்ததும் கொடுத்து வருகிறோம். இருந்தும் பாஸ்பரஸ் இறங்கவில்லை.

பதில்: கொடுக்கும் நேரம்தான் பிசகு. அலுமினியம் ஹைட்ராக்சைடு, லாந்தனம், கால்சியம் கார்பனேட் எல்லாமே குடலுக்குள் உணவில் இருக்கும் பாஸ்பரஸைப் பிடித்து மலத்தோடு வெளியேற்றுபவை. ரத்தத்தில் ஏற்கெனவே கலந்துவிட்டதை அவை தொடுவதில்லை. ஆகவே ஒவ்வொரு வேளை உணவிலும் கலந்தே போக வேண்டும். மூன்று வேளை சாப்பிடும் பூனைக்கு நாள் அளவை மூன்றாகப் பிரியுங்கள். வெறும் வயிற்றில் கொடுத்தால் வீண்.

ரத்தத்தில் பாஸ்பரஸின் இலக்கு (மி.கி./டெ.லி. கணக்கில்), இரண்டாம் நிலையில் 4.6-க்குக் கீழே, மூன்றாம் நிலையில் 5-க்குக் கீழே, நான்காம் நிலையில் 6-க்குக் கீழே. நான்கு முதல் ஆறு வாரத்தில் மறு பரிசோதனை. கால்சியம் உள்ள பொடியாக இருந்தால் ரத்தத்தில் கால்சியம் ஏறுகிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள். மலச்சிக்கல் வரக்கூடும்.

கேள்வி: தோலுக்கடியில் சலைன் ஏற்ற வீட்டிலேயே கற்றுக்கொள்ளச் சொல்லியிருக்கிறார் மருத்துவர். கை நடுங்குகிறது. படிப்படியாகச் சொல்லுங்களேன்.

பதில்: முதலில், இது எல்லாச் சிறுநீரகப் பூனைக்கும் தேவையில்லை. தானாகக் குடித்தும் சாப்பிட்டும் உடல் வறளாமல் இருக்கும் பூனைக்கு ‘ஏதாவது செய்ய வேண்டுமே’ என்பதற்காக ஏற்றுவது, தேவையில்லாத உப்பையும் தேவையில்லாத பயத்தையும்தான் கொடுக்கும். மருத்துவர் பரிசோதித்துச் சொன்னால் மட்டுமே. இதய நோய் உண்டென்றால் அதை அவரிடம் முன்கூட்டியே சொல்லுங்கள்.

அளவு வழக்கமாக ஒரு முறைக்கு 75 முதல் 150 மி.லி.; தினமுமா, ஒன்றுவிட்டு ஒரு நாளா என்பதை அவர் முடிவு செய்வார். பையில் ‘ரிங்கர் லாக்டேட்’ என்று எழுதியிருக்கிறதா என்று ஒவ்வொரு முறையும் படித்துப் பாருங்கள். 5 சதவீத டெக்ஸ்ட்ரோஸ் பையும் பார்ப்பதற்கு இதே போலத்தான் இருக்கும். அது தோலுக்கடியில் போகக் கூடாது.

டிரிப் செட் (பையையும் ஊசியையும் இணைக்கும் குழாய்) வாங்கும்போது ஒரு மி.லி.-க்கு 60 சொட்டு விழும் வகையை வாங்கிவிடாதீர்கள். 100 மி.லி. இறங்குவதற்குள் பூனை எழுந்து போய்விடும். 15 அல்லது 20 சொட்டு வகை சரி. ஊசியில் எண் குறையக் குறையத் தடிமன் கூடும். 18 (இளஞ்சிவப்பு) வேகமாக இறங்கும். 20 (மஞ்சள்) கொஞ்சம் மெதுவாக இறங்கும், குத்துவது அவ்வளவாகத் தெரியாது. மெல்லியதுதான் கருணை என்று 23 வாங்குகிறவர்கள் உண்டு. அதில் நேரம் இழுத்தடித்து, பூனைக்குப் பொறுமை போய்விடும்.

பையை வெதுவெதுப்பான தண்ணீரில் பத்து நிமிடம் போட்டு வையுங்கள். மைக்ரோவேவில் வைக்காதீர்கள், ஓரிடம் கொதிக்கும், ஓரிடம் குளிர்ந்திருக்கும். டிரிப் குழாயில் வரும் சலைனை மணிக்கட்டில் ஓரிரு சொட்டு விட்டுப் பாருங்கள். சூடும் தெரியக் கூடாது, குளிர்ச்சியும் தெரியக் கூடாது. பூனையை விட ஒரு மீட்டர் உயரத்தில் பையை மாட்டுங்கள். குழாயில் உள்ள காற்றை வெளியேற்றிவிட்டு, ஓட்டத்தைத் திறந்து மூடும் உருளையை மூடுங்கள். புது ஊசியைப் பொருத்துங்கள். ஒரு முறைக்கு ஓர் ஊசி, அதில் சிக்கனம் வேண்டாம்.

பூனையை உங்களுக்கு முதுகு காட்டி உட்கார வையுங்கள். தோள்பட்டைகளுக்கு நடுவே தோலைக் கட்டைவிரல், நடுவிரலால் தூக்கி, ஆள்காட்டி விரலால் நடுவில் அழுத்தினால் சின்னக் கூடாரம் போல ஒரு குழி விழும். ஊசியின் சாய்ந்த வாய் மேலே பார்க்க, முதுகெலும்புக்கு இணையாக அந்தக் குழிக்குள் செலுத்துங்கள். தயங்கித் தயங்கிக் குத்தினால்தான் வலிக்கும்; ஒரே சீராகத் தள்ளுங்கள். பிறகு தோலை விட்டுவிட்டு ஊசியை மட்டும் பிடித்துக்கொண்டு உருளையைத் திறங்கள்.

சொட்டு விழவில்லையென்றால் ஊசி முனை தசையிலோ தோலிலோ முட்டிக்கொண்டிருக்கும். இருந்த இடத்திலேயே கொஞ்சம் திருப்புங்கள், அல்லது ஒரு மி.மீ. பின்னே இழுங்கள். ரோமம் நனைந்தால் ஊசி மறுபக்கம் வெளியே வந்துவிட்டது என்று அர்த்தம். எடுத்துவிட்டுப் புது ஊசியால் தொடங்குங்கள்.

எவ்வளவு போயிற்று என்று பையில் உள்ள கோட்டை மட்டும் நம்பாதீர்கள். பை சுருங்கச் சுருங்கக் கோடு பொய் சொல்லும். ஏற்றுவதற்கு முன்னும் பின்னும் சமையலறைத் தராசில் பையை நிறுத்துப் பாருங்கள். 100 கிராம் குறைந்தால் ஏறத்தாழ 100 மி.லி. போயிருக்கிறது.

முதலில் உருளையை மூடிவிட்டு ஊசியை எடுங்கள். துளையை அரை நிமிடம் கிள்ளிப் பிடியுங்கள். நாலைந்து சொட்டுக் கசிந்தால் பரவாயில்லை. முதுகில் மேடு தட்டும். அது முன்னங்கால் பக்கம் இறங்கி ஆறு முதல் பன்னிரண்டு மணி நேரத்தில் கரையும். அடுத்த முறை வரும்போதும் முந்தைய நீர் அப்படியே தேங்கியிருந்தால் மேற்கொண்டு ஏற்றாதீர்கள், மருத்துவரைக் கூப்பிடுங்கள்.

தூங்கும்போது மூச்சை எண்ணும் பழக்கம் வைத்துக்கொள்ளுங்கள். விலா ஒரு முறை ஏறி இறங்கினால் ஒரு மூச்சு. நிமிடத்துக்கு 30-க்கு மேல் தொடர்ந்து போனால் நீர் அதிகமாகியிருக்கலாம். ஏற்றுவதை நிறுத்திவிட்டு உடனே காட்டுங்கள்.

கேள்வி: தண்ணீரை மடமடவென்று குடித்துவிட்டு மணல் தட்டுக்கு வெளியே சிறுநீர் போய்விடுகிறது. தண்ணீரைக் குறைக்கலாமா?

பதில்: கூடாது. சிறுநீரை அடர்த்தியாக்கும் திறன் போய்விட்டதால் நீர் தானாக வெளியேறுகிறது. அதை ஈடுகட்டத்தான் அது குடிக்கிறது. கிண்ணங்களைக் கூட்டுங்கள், அகலமாக, உணவுத் தட்டிலிருந்து தள்ளி வையுங்கள். ஈர உணவில் முக்கால் பங்குக்கு மேல் தண்ணீர்; உலர் உணவில் பத்தில் ஒரு பங்குதான். வெளியே போவதற்குப் பெரும்பாலும் மூட்டு வலிதான் காரணம். விளிம்பு உயர்ந்த தட்டில் ஏறச் சிரமப்படும். ஒரு பக்கம் தாழ்ந்த பெரிய தட்டு வையுங்கள், மணலை ஒரு நாளில் இரண்டு முறை அள்ளுங்கள். அப்படியும் தொடர்ந்தால் சிறுநீரில் கிருமி இருக்கிறதா என்று பாருங்கள்.

கேள்வி: மாத்திரை என்றாலே ஓட்டம். பசியும் இல்லை, அடிக்கடி உதட்டை நக்குகிறது.

பதில்: உதட்டை நக்குவது, எச்சில் வடிவது, கிண்ணம் வரை வந்து திரும்பிவிடுவது எல்லாம் குமட்டலின் அடையாளம். வாந்தி எடுத்தால்தான் குமட்டல் என்பதில்லை. மாரோபிட்டன்ட், ஒன்டான்செட்ரான் போன்றவை அதற்கு உதவும். குமட்டலை அடக்காமல் பசி மருந்து மட்டும் கொடுத்துப் பயனில்லை. பசிக்கு மிர்ட்டாசபின் உண்டு. சில இடங்களில் காது மடலின் உட்புறம் தடவும் களிம்பாகவும் கிடைக்கிறது. தடவும்போது கையுறை அவசியம், இல்லாவிட்டால் உங்களுக்கும் ஏறும். சிறுநீரகம் மெதுவாக வெளியேற்றும் மருந்து என்பதால் மாத்திரையை ஒன்றுவிட்டு ஒரு நாள்தான் கொடுப்பது வழக்கம். பூனை விடாமல் கத்திக்கொண்டு அலைந்தால் அளவு கூடிவிட்டது.

எந்த மாத்திரை கொடுத்தாலும் பின்னாலேயே 5 மி.லி. தண்ணீரைச் சிரிஞ்சில், கன்னத்தின் ஓரமாக, கொஞ்சம் கொஞ்சமாக விடுங்கள். உலர்ந்த மாத்திரை உணவுக்குழாயில் ஒட்டிக்கொள்ளும். டாக்ஸிசைக்ளின் என்ற ஆன்டிபயாட்டிக் அப்படி ஒட்டினால் புண்ணாகி, குழாயே சுருங்கிவிடும்.

கேள்வி: எப்போது இரவென்றும் பாராமல் ஓட வேண்டும்?

பதில்: கண்மணி அகலமாக விரிந்து, சுவரில் முட்டி நடந்தால். ரத்த அழுத்தம் ஏறி விழித்திரை பிரிந்திருக்கலாம். சீக்கிரம் அழுத்தத்தைக் குறைத்தால் ஓரளவு பார்வை மீள வாய்ப்புண்டு. மேல் அழுத்தம் (சிஸ்டாலிக்) 160-ஐத் தாண்டி நீடித்தாலே வைத்தியம் தேவை. தலையைத் தூக்க முடியாமல் மோவாய் மார்பில் படிந்தால் பொட்டாசியம் மிகவும் குறைந்துவிட்டது என்று சந்தேகிக்கலாம். மணல் தட்டில் முக்கியும் சிறுநீர் வராவிட்டால், ஆண் பூனையென்றால் ஒரு மணி நேரம்கூடக் காத்திருக்காதீர்கள். ஒரு நாள் முழுக்கச் சாப்பிடவில்லையென்றால் மறுநாள் காலையிலாவது காட்டுங்கள்.

கேள்வி: மூட்டு வலிக்கு வீட்டில் இருக்கும் பாரசிட்டமாலில் சிறு துண்டு கொடுக்கலாமா?

பதில்: துண்டுகூட வேண்டாம். பூனையின் ஈரலால் பாரசிட்டமாலைப் பிரித்து வெளியேற்ற முடியாது. ஒரே மாத்திரை உயிரை எடுக்கும். ஐபுப்ரூஃபன் சிறுநீரகத்தையே நேராகத் தாக்கும். பூச்சாடியில் லில்லி இருந்தால் அதையும் அப்புறப்படுத்துங்கள். மகரந்தம் ரோமத்தில் ஒட்டி அதை நக்கினாலே போதும், நல்ல சிறுநீரகமும் சில நாளில் செயலிழக்கும்.

கேள்வி: எத்தனை நாளுக்கொரு முறை பரிசோதனை? நடுவில் நாங்களே எதைக் கவனிப்பது?

பதில்: நிலையாக இருக்கும் பூனைக்கு மூன்று முதல் ஆறு மாதத்துக்கு ஒரு முறை, மருந்தோ உணவோ மாற்றினால் அதற்கு முன்பே. வீட்டில் கவனிக்க ஒன்றே ஒன்றைச் சொல்லச் சொன்னால், எடை என்போம். குழந்தைகளுக்கான, 10 கிராம் வித்தியாசத்தைக்கூடக் காட்டும் தராசில், வாரம் ஒரு முறை, ஒரே கிழமையில், சாப்பாட்டுக்கு முன் நிறுத்து எழுதி வையுங்கள். நீங்கள் தூக்கிக்கொண்டு ஏறி நின்று கழித்துப் பார்க்கும் கணக்கில் 200 கிராம் மறைந்துபோகும். 4 கிலோ பூனைக்கு அந்த 200 கிராம் ஐந்து சதவீதம். அவ்வளவு குறைந்தாலே அடுத்த பரிசோதனைத் தேதி வரை காத்திருக்காதீர்கள், அந்தக் குறிப்பேட்டையும் கையோடு எடுத்துப் போங்கள்.