மனசு சோர்ந்துபோகும்போது நீங்கள் விளையாடும் வீடியோ கேம் எது? பார்க்கத் தகுந்த கேமிங் சேனல்கள் இருந்தால் சொல்லுங்களேன்?

யூரோ டிரக் சிமுலேட்டர் 2. லாரி ஓட்டுகிற கேம். பதில் அவ்வளவுதான். மீதியெல்லாம் இதைக் கேட்டுச் சிரிப்பவர்களுக்காக எழுதுவது.

சிரிப்பார்கள் என்று தெரியும். நாமக்கல் பக்கத்தில் லாரி டிரைவருக்கு மகனாகப் பிறந்து, "நீயாவது ஸ்டியரிங் பக்கமே போகாத" என்று சொல்லிச் சொல்லியே பி.காம். படிக்கவைக்கப்பட்டவன் நான். இப்போது ஓசூரில் ஒரு கம்பெனியில் பில் சரிபார்க்கிறேன். ராத்திரி வீட்டுக்கு வந்து கம்ப்யூட்டரில் லாரி ஓட்டுகிறேன் என்பதை என் மச்சினன் ஒரு கல்யாணப் பந்தியில் சொல்ல, பாயசம் பரிமாறினவர் வரைக்கும் சிரித்தார். மச்சினன் தினமும் மூன்று மணி நேரம் ரீல்ஸ் பார்ப்பதை யாரும் பந்தியில் வைத்துப் பேசுவதில்லை.

கேள்வி கேட்டவர் வேலை முடிந்து, சாப்பிட்டு, உடம்பு அலுத்தும் தூக்கம் வராமல் கிடக்கிறார் என்று வைத்துக்கொள்கிறேன். அந்த நேரத்துக்குத் துப்பாக்கி கேம் ஆகாது. முகம் தெரியாத பதினாலு வயசுப் பையன் மைக்கில் திட்டுவான். கேட்டுக்கொண்டு படுத்தால் தூக்கமா வரும்?

இந்த லாரி கேமில் கதை இல்லை, வில்லன் இல்லை. செக் நாட்டில் பிராக் நகரத்துக் கம்பெனியான எஸ்சிஎஸ் சாஃப்ட்வேர் 2012 அக்டோபரில் வெளியிட்டது. ஐரோப்பாவை ஏறக்குறைய 19-இல் 1 பங்காகச் சுருக்கி வைத்திருக்கிறார்கள். ஓர் ஊரில் லோடு எடுத்து இன்னோர் ஊரில் இறக்க வேண்டும். முதலில் கம்பெனி வண்டியில் கூலி டிரைவர். பிறகு காசு சேர்த்தோ பேங்கில் கடன் வாங்கியோ சொந்த வண்டி. சிக்னலைத் தாண்டினால் அபராதம், இருட்டில் லைட் போடாவிட்டால் அபராதம். நேரமானால் கொட்டாவி வரும், ஓரங்கட்டித் தூங்க வேண்டும். சரக்கு அடிபட்டால் வாடகையில் பிடித்துக்கொள்வார்கள். மழை வந்தால் வைப்பரைப் போட்டுவிட்டு ஒரே சீராகப் போய்க்கொண்டே இருக்கலாம். ரேடியோவும் உண்டு. இணைய வானொலி முகவரிகளை ஒரு ஃபைலில் நாமே சேர்த்துக்கொள்ளலாம் என்பதால், ஜெர்மனியின் ஆட்டோபான் நெடுஞ்சாலையில் இளையராஜா ஓடும்.

ஆனால் எனக்கு மனசு ஆறுவது மழையாலோ பாட்டாலோ இல்லை. லோடை இறக்கின அடுத்த நொடி வாடகை கணக்கில் ஏறிவிடுகிறது பாருங்கள், அதனால்தான். லாரிக்காரர் வீட்டில் வளர்ந்தவர்களுக்குச் சொல்லாமலே புரியும். அப்பா நாக்பூரிலோ இந்தூரிலோ லோடை இறக்கிவிட்டு, ரிட்டர்ன் லோடுக்காக வண்டி ஓரத்தில் ஸ்டவ்வைப் பற்றவைத்துச் சமைத்துக்கொண்டு நாள்கணக்கில் கிடப்பார். கிடைத்தால் புரோக்கர் கமிஷன், ஏற்றுக்கூலி, இறக்குக்கூலி. 2017-இல் ஜிஎஸ்டி வந்து வரிச் செக்போஸ்டுகளை எடுக்கும்வரைக்கும் மாநில எல்லைக்கு எல்லை க்யூ வேறு. பாக்கி வாடகைக்கு லாரி ஆபீஸ் பெஞ்சில் உட்கார்ந்திருப்பார். கூடப் போன எனக்கு ஒரு கலர் வாங்கிக் கொடுப்பார்கள், பணம் அடுத்த வாரம் என்பார்கள்.

அவருக்குக் கண்புரை ஆபரேஷன் ஆகி எங்களோடு வந்து இருந்தபோது இந்தக் கேமைக் காட்டினேன். செகண்ட் ஹேண்டில் வாங்கிய ஒரு ஸ்டியரிங் செட் மேஜையில் மாட்டியிருந்தது. ஐரோப்பாவில் வலப்பக்கம் ஓட்ட வேண்டும் என்றதும், "இதென்றா எல்லாம் ஒன்வேல வர்றானுங்க" என்று தலையில் கை வைத்துவிட்டார். பிரிட்டன் பக்கம் கொண்டுபோனேன். அங்கே நம்மூர் மாதிரி இடதுபக்கம்தான். ஸ்டியரிங்கை வலதுபக்கம் வைத்த கேபினும் கிடைக்கும். அதற்கப்புறம் பேச்சே இல்லை. முதுகு நிமிர்ந்து, இடது கை தானாக கியரைத் தேடிப்போனது. அது ஆட்டோமேட்டிக்.

குடோனில் ரிவர்ஸ் எடுக்கும் இடம் வந்தது. கண்ணாடியைப் பார்த்தார், திரும்பி என்னைப் பார்த்தார். "கிளீனர் எங்க?"

"கிளீனர் கிடையாதுங்கப்பா."

"அப்ப பின்னாடி எவன் பாக்கறது? நீ இறங்கி நில்லு."

எங்கே இறங்குவது? மானிட்டருக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு "வரட்டும்… வரட்டும்… ரைட்ல ஒடிங்க… ஓல்டேன்!" என்று கத்தினேன். ஒரே எடுப்பில் டிரெய்லரைக் கோட்டுக்குள் நிறுத்திவிட்டார். நான் பாதி நாள் பார்க்கிங்கைத் தாண்டிவிடும் பட்டனை அமுக்குகிறவன். அடுத்து, "ரிட்டர்ன் லோடு?" என்றார். பட்டியலைத் திறந்து காட்டினேன். பக்கம் பக்கமாக லோடு. "கமிஷன் எவ்வளவு?" இல்லை என்றேன். "கமிஷன் இல்லியா? அப்ப இது வெறும் வெளையாட்டுதான்" என்று எழுந்து காபி குடிக்கப் போய்விட்டார். மறுநாள் ராத்திரி சாப்பிட்டதும் அவரே வந்து நாற்காலியில் உட்கார்ந்தார் என்பதை மச்சினனுக்காக இங்கே பதிவுசெய்கிறேன்.

'கேம் எல்லாமே சூதாட்டம், குடும்பம் அழியும்' என்று எழுத யாராவது வருவீர்கள். பணம் கட்டி ஆடுவது வேறு, இது வேறு. அந்த மாதிரி ஆன்லைன் ஆட்டங்களைத் தடைசெய்து 2025 ஆகஸ்டில் மத்திய அரசு சட்டமே கொண்டுவந்தாயிற்று; எனக்கும் அதில் சந்தோஷம்தான். நான் ஒருமுறை காசு கொடுத்து வாங்கிய கேமை, பையன் தூங்கின பிறகு ஆடுகிறேன். யார் சோற்றிலும் மண் விழவில்லை.

சேனல்களுக்கு வருகிறேன். லாரி கேமுக்கு ஸ்குவிரல் என்ற பிரிட்டிஷ்காரரைப் பாருங்கள். பதற்றமில்லாமல் பேசிக்கொண்டே ஓட்டுவார். டிரக்கர்ஸ்எம்பி என்ற மாட், அதாவது ரசிகர்கள் செய்த கூடுதல் இணைப்பு, போட்டால் பலபேர் ஒரே சாலையில் ஓட்டலாம். அதில் பிரான்ஸின் கலேயிலிருந்து ஜெர்மனியின் டியூஸ்பர்க் போகும் ரோடு பேர்போனது. அங்கே நடக்கும் கூத்தைப் பார்த்தால் நம்மூர் ஷேர் ஆட்டோக்காரர்கள் கண்ணியவான்களாகத் தெரிவார்கள். எனி ஆஸ்டின் என்றொருவர் இருக்கிறார். கேமுக்குள் ஓடும் ஆறு எங்கே பிறக்கிறது, அந்த ஊரில் எத்தனை பேருக்கு வேலையில்லை என்று யாருக்கும் வேண்டாத கேள்வியை எடுத்துக்கொண்டு நடந்தே போய்ப் பார்ப்பார். தூங்குவதற்கு முன் பார்க்க அதைவிட நல்லது எனக்குத் தெரிந்து இல்லை. கேம் எப்படி உருவாகிறது என்று தெரிய வேண்டுமானால் நோகிளிப். பார்வையாளர்கள் கொடுக்கும் பணத்தில் ஆவணப்படம் எடுக்கிறார்கள்.

டெசர்ட் பஸ் என்றொரு கேம், தேடிப் பாருங்கள். பென் – டெல்லர் என்ற மேஜிக் ஜோடிக்காக 1995-இல் கிண்டலுக்கென்றே செய்தது, அப்போது கடைக்கு வரவில்லை. அமெரிக்காவில் டூசானிலிருந்து லாஸ் வேகஸுக்கு நிஜமாகவே எட்டு மணி நேரம் பஸ் ஓட்ட வேண்டும், நிறுத்திவைக்க முடியாது, போய்ச் சேர்ந்தால் ஒரே ஒரு பாயின்ட். அதையே மாரத்தானாக ஆடி, குழந்தைகளுக்கான அறக்கட்டளைக்கு 2007-லிருந்து வருஷாவருஷம் நிதி திரட்டுகிறது கனடாவில் ஒரு குழு.

தமிழில்? போனில் ஆடும் 'பஸ் சிமுலேட்டர் இந்தோனேஷியா' என்ற கேமுக்கு எஸ்இடிசி பஸ், தனியார் பஸ் பெயின்ட் எல்லாம் அச்சு அசலாக வரைந்து போடும் பசங்கள் இருக்கிறார்கள். அவர்கள் கைவேலை அருமை. வீடியோவில் கத்துவதுதான் தாங்கவில்லை. சத்தத்தைக் குறைத்துவிட்டுப் பாருங்கள்.

லாரி என்றதும் ஒன்று ஞாபகம் வருகிறது, கேள்விக்குச் சம்பந்தமில்லை. சேலம் – நாமக்கல் ரோட்டில் ராத்திரி கார் ஓட்டுகிறவர்களே, கம்பெனி கொடுத்த ஹெட்லைட் போதாதா? கடையில் கூடுதலாக எல்இடி மாட்டி, ஹைபீமிலேயே வந்து, டிம் அடித்துக் கேட்டாலும் குறைக்காமல் போகிறீர்கள். எதிரே பைக்கில் வருகிறவனுக்கு ரோடே தெரியாது. லாரிக்காரன்தான் குறைப்பான், கவனித்துப் பாருங்கள்.

லாரி கேமை வாங்குவதாக இருந்தால் ஸ்டீம் என்ற ஆன்லைன் கேம் கடையில் அடிக்கடி தள்ளுபடி போடுவார்கள், காத்திருங்கள். அடிப்படை கேம் மட்டும் போதும், கூடுதல் வரைபடங்களை இப்போதே வாங்காதீர்கள். பழைய லேப்டாப்பிலும் கிராபிக்ஸைக் குறைத்து வைத்தால் ஓடும். ஸ்டியரிங் வேண்டாம், கீபோர்டிலேயே ஆரம்பியுங்கள்.